தப்பியது யார்?

நாகேஸ்வரனுக்குச் சந்தேகப்படுவது பல் தேய்ப்பதைப் போல அன்றாடக் காரியம். வலியசாலைத் தெருவுக்குப் பால் கொண்டுவருகிறவர் முதல் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் வரை எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவர் கட்சி. வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலின் லேபிளில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். ஒரு தடவை கோட்டுக்கும் பொடிக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடைவெளி விழுந்துவிட்டது. மனைவி ஜெயலக்ஷ்மியை, பாத்திரம் தேய்க்க வருகிறவளை, எதிர்வீட்டுக் குழந்தையைக்கூட ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். ஜலதோஷம் பிடித்த அன்று தானே இரண்டு டம்ளர் கலக்கிக் குடித்தது எட்டாம் நாள்தான் ஞாபகம் வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பழைய கோட்டை அழித்துவிட்டுக் கீழே புதிதாக ஒன்று போட்டார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் செக்‌ஷன் இருந்தது. தர்ம ஸ்தாபனம் ஒன்று நடத்திவந்த சிறிய ஆஸ்பத்திரி. இறந்தவர்கள் தானம் செய்த கண்ணிலிருந்து கருவிழியை எடுத்துப் பார்வை போனவர்களுக்கு வைப்பது அங்கே பெரிய வேலை. கண் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் வைத்தாக வேண்டும். அதனால் காத்திருப்பவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. யார் முதலில் பதிந்தாரோ அவர் முதல் ஆள். மந்திரி கடிதம் கொடுத்தனுப்பினாலும் வரிசை வரிசைதான்.

அந்த வரிசையைத் தடி ரெஜிஸ்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றியவர் நாகேஸ்வரன். தொண்ணூற்றெட்டு ஜனவரியிலிருந்து ரெஜிஸ்டரில் எழுதுவது நின்றது. ஒரே பட்டியலை மூன்று கம்ப்யூட்டரிலிருந்து பார்க்கலாம். கவுன்டரில் ஷைலஜா, வார்டில் ராகேல் சிஸ்டர், கண்ணாடி அறையில் அவர். ஒருவர் தொட்டால் மற்ற இருவருக்கும் மாறித் தெரியும். அவர்கள் பார்ப்பதற்காக அவரே ஒரு படிவம் செய்துகொடுத்தார். திறந்தவுடன் வரிசையின் முதல் ஆள் தெரிவார்: பேர், ஆணா பெண்ணா, வயது, விலாசம், எந்தக் கண், பதிந்த தேதி. கீழே ஒரு சின்னப் பெட்டி. அதில் நோயாளியின் கார்டு நம்பரை அடித்தால் அவருடைய பக்கம் வரும். சேமிக்கத் தனியாகப் பொத்தான் கிடையாது, அடுத்த பக்கம் போனால் தானே சேமித்துக்கொள்ளும். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பேரை வைத்துத் தேட வழி வைக்கவில்லை. ஒரே பேரை ஒன்பது விதமாக எழுதுகிற ஊரில் பேரை எவன் நம்புவான்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை ஷைலஜா கண்ணாடி அறையின் கதவைத் தட்டிக் கேட்டாள். கழக்கூட்டத்திலிருந்து வருகிற பெண். இருபத்தைந்து வயது, ஒரு வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்தவள். தமிழ் புரியும், பேசுவது மலையாளம்.

“சாரே, பேரு வச்சு தப்பியால் ஒந்நும் கிட்டுந்நில்லல்லோ?”

பேரை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்கவில்லையே என்று கேட்கிறாள். மலையாளத்தில் தப்புவது என்றால் தேடுவது. இருட்டில் தீப்பெட்டியைத் துழாவினாலும் தப்பல்தான், அலமாரியில் சாவியைத் தேடினாலும் தப்பல்தான்.

“நம்பர் அடிச்சு நோக்கு. பேரு வேண்டா,” என்றார் நாகேஸ்வரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் எங்கே, எப்படித் தேடிப் பார்த்தாள் என்று அவர் கேட்கவில்லை. அவள் போய்விட்டாள்.

அந்தப் படிவத்தை அவர் தன் வேலைக்கு ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. அவருக்கு எது வேண்டுமானாலும் அடியில் இருக்கிற பட்டியலையே நேராகத் திறந்து பார்ப்பார். சமைத்தவர் பந்தியில் உட்காராத கதைதான்.

தொண்ணூற்றொன்பது ஜூலையில், கர்க்கடக மாத மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, ஒரு கண் வந்தது. டாக்டர் முதல் ஆளைக் கூப்பிடச் சொன்னார். முதல் ஆள் பங்கஜாக்ஷியம்மா, பொன்முடி எஸ்டேட், தொழிலாளர் வரிசைவீடுகளில் நாலாம் லயம், வலது கண். எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டார்கள். அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று பதில் வந்தது. விசாரித்துச் சொல்லுங்கள் என்றார்கள். மத்தியானம் வரை காத்திருந்தார்கள். இல்லை என்றே மறுபடியும் சொன்னார்கள். அந்தக் கண் வரிசையில் இரண்டாவதாக இருந்தவருக்குப் போயிற்று.

மறுநாள் கழக்கூட்டத்திலிருந்து பிபின் என்று ஒருவன் கவுன்டருக்கு வந்து, தன் தாயாருக்கு எப்போது முறை வரும் என்று போன வாரம் கேட்டதையே மறுபடியும் கேட்டான். தாயார் பேர் பங்கஜாக்ஷியம்மா. அவனுக்குப் பின்னால் நின்றிருந்த நாகேஸ்வரனுக்குக் காது விறைத்தது. அறைக்கு ஓடிப் பட்டியலைத் திறந்தார். இருநூற்று நாலாவது இடத்தில் பங்கஜாக்ஷியம்மா, கழக்கூட்டம். முதல் இடத்திலும் பங்கஜாக்ஷியம்மா, பொன்முடி.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டது என்று நினைத்தார். முதல் இடத்தில் இருந்த யாரோ ஒரு ஏழையின் பேரை அழித்து இவள் பேரை ஏற்றியிருக்கிறார்கள். விலாசத்தை மாற்றுவதற்குள் கண் வந்துவிட்டது. அவள் கழக்கூட்டம். ஷைலஜாவும் கழக்கூட்டம். வேறென்ன வேண்டும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நாகேஸ்வரனுக்கோ பேய் வசிக்கிற ஊர்கூடத் தெரிந்துவிட்டது.

அழிக்கப்பட்ட பேர் யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் வழியில்லை. பதிவுத் தேதி போன வருஷம் ஏப்ரல் பதினாறு. ரெஜிஸ்டர் அதற்கு முன்பே நின்றுபோயிற்று. சனிக்கிழமைதோறும் ஃப்ளாப்பியில் பிரதி எடுப்பார். ஆனால் ஒரே ஃப்ளாப்பியில் மாற்றி மாற்றி எடுத்ததால் அதிலும் பங்கஜாக்ஷியம்மாதான் உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட்டில் மறுபடியும் விசாரித்தால் திருடி உஷாராகிவிடுவாள் என்று அதையும் செய்யாமல், தடயத்தைக் கலைக்கக் கூடாது என்று முதல் பேரை அப்படியே விட்டுவைத்து, அவர் துப்பறியத் தொடங்கினார்.

தினமும் காலையிலும் மாலையிலும் பட்டியலின் முதல் பக்கத்தை அச்செடுத்துச் சிவப்புப் பென்சிலால் ஒப்பிட்டார். ஒரு புதன்கிழமை முதல் பேர் அப்துல் ரஸாக் ஆயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை மேரிக்குட்டி ஆயிற்று. இரண்டு பேரும் அந்தந்த நாளில் கவுன்டருக்கு வந்துபோனவர்கள், இரண்டு பேரும் கார்டு கொண்டுவராதவர்கள். கார்டு இல்லாமல் வருகிறவன் யார்? சிபாரிசுக்காரன்! உள்ளே ஆள் இருக்கிறவனுக்குக் கார்டு எதற்கு?

தூண் மறைவில் நின்று ஷைலஜாவைக் கவனித்தார். அவள் சிரித்தால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று குறித்துக்கொண்டார். ராகேல் சிஸ்டரையும் விடவில்லை. வார்டுக்குப் போய், “சிஸ்டர், நீங்க அந்தப் படிவத்துல என்னமாவது மாத்தினதுண்டா?” என்று கேட்டார்.

“எனக்க கைக்கு அந்த மெஷினத் தொடப் பேடியாக்கும் சாரே,” என்று பயத்தோடு கையை இழுத்துக்கொண்டாள் மார்த்தாண்டத்துக்காரியான ராகேல். “டாக்டர் கேட்டா நம்பர அடிச்சுப் பாப்பேன். இல்லேங்கி ஷைலஜாட்டக் கேப்பேன். அந்தப் பிள்ள நல்ல பிள்ளையாக்கும்.”

‘கேட்காமலே நற்சான்றிதழ் கொடுக்கிறாளே’ என்று அதையும் எழுதி வைத்தார்.

அட்மினிஸ்ட்ரேட்டர் இசக்கிப்பாண்டி பாளையங்கோட்டைக்காரர். ஊருக்கு வந்து மூன்று மாதம்தான். மலையாளத்தில் அவருக்குத் தெரிந்தது ‘சாயா’ ஒன்று. கோபக்காரர் என்றாலும் ஞாயம் பார்ப்பவர் என்று பேர். நாகேஸ்வரன் சிவப்புக் கோடுகள் போட்ட தாள்களை மேஜையில் பரப்பியபோது அவர் முகம் இறுகிற்று.

“கண்ணுக்காகக் காத்துக் கெடக்கவன் வரிசையிலயா கைய வைக்காங்க? கூப்பிடுங்க அந்தப் பிள்ளைய. நீங்களும் இரிங்க. அவ சொல்லுதது எனக்கு வெளங்காது, நீங்கதான் சொல்லணும்.”

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஷைலஜா வந்து நின்றாள். கையில் குடை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாள்களைக் காட்டி, இந்தப் பேர்களை நீ என்ன செய்தாய் என்று நாகேஸ்வரன் மலையாளத்தில் கேட்டார். அவள் தாள்களைப் பார்த்தாள். பேர்களை அடையாளம் தெரிந்துகொண்டாள். ஏன் கேட்கிறார்கள் என்று புரிந்ததும் வேகமாகச் சொல்லத் தொடங்கினாள்.

“ஞான் தப்பி, சாரே. இவரொந்நும் கார்டு கொண்டுவந்நில்லா. அதுகொண்டு பேரு வச்சு தப்பி. தப்பியதேயுள்ளு. வேறொந்நும் செய்திட்டில்லா.” அழுகை வந்து மேலே பேச முடியவில்லை.

இசக்கிப்பாண்டி நாகேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

“தப்பு தப்புன்னு மூணு தடவ சொல்லுதாளே. தப்புப் பண்ணிட்டேங்குதா, அப்படித்தான?”

நாகேஸ்வரன் பிறந்ததே இந்த ஊரில். படித்தது மலையாளத்தில். அவள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூட அவருக்குப் புரியாமல் போகவில்லை. கார்டு இல்லாதவர்களின் பேரைத் தேடினேன், தேடியது மட்டும்தான் என்கிறாள். ஆனால் அவள் பொய் சொல்கிறாள் என்று அவருக்கு நிச்சயம். பொய்யை மொழிபெயர்ப்பானேன்? பொய் சொல்கிறவள் வாயிலிருந்து தவறியாவது உண்மை வந்ததாக இருக்கட்டுமே.

அவர் தலை ஆடிற்று. இந்தப் பக்கக்காரர்கள் ஆட்டுகிற ஆட்டம். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பாளையங்கோட்டைக்காரர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

“ஒத்துக்கிட்டால்லா, போலீசு கீலீசு வேண்டாம். திங்கக்கெழமலருந்து வர வேண்டாம்னு சொல்லிருங்க.” தவறை ஒப்புக்கொண்டார் என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினார். கீழே ‘மலையாளம் அறிந்த சாட்சி’ என்று ஓர் இடம் விட்டு நாகேஸ்வரன் பக்கம் நகர்த்தினார். நாகேஸ்வரன் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்குப் போனது வேலை மட்டும் இல்லை. ஊரில் ஆஸ்பத்திரிகள் எத்தனை இருந்தாலும் கவுன்டரில் உட்காருகிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கண் தெரியாதவர்களின் வரிசையை விற்றவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால் அது அவளுக்கு முன்னால் போய் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். இது நாகேஸ்வரனுக்கும் தெரியும். தெரிந்துதான் வீட்டுக்குப் போய், கைகால் கழுவி, தயிர்சாதம் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலையில் மூக்குக்கண்ணாடியைக் காணோம். அந்த அறை இந்த அறை என்று அலைந்தார். வழக்கம்போல யாரோ எடுத்து ஒளித்துவைத்தது மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அடுக்களையிலிருந்து ஜெயலக்ஷ்மி குரல் கொடுத்தாள்.

“அலமாரி மேல்தட்டுல தப்பிப் பாருங்கோ!”

நாகேஸ்வரன் நின்றுவிட்டார். “என்ன சொன்னே?”

“தப்பிப் பாருங்கோன்னேன். காதும் போயாச்சா? தேடறதுக்கு இந்தாத்துல வேற வார்த்தை உண்டா என்ன?”

இல்லை. அம்மா சொன்னதும் அதுதான், பாட்டனார் சொன்னதும் அதுதான். இந்தத் தெரு முழுக்க நூறு வருஷமாக இப்படித்தான் தப்பிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி மேல்தட்டில் இருந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டபோது நெஞ்சில் என்னவோ குறுகுறுத்தது. ‘தேடினாள், சரி. தேடிவிட்டு மாற்றவும் செய்தாள்’ என்று தனக்குத்தானே சொல்லி அதை அமுக்கினார்.

திங்கட்கிழமை கவுன்டரில் ஆள் இல்லை. புது ஆள் கிடைக்கும்வரை நீங்களே பாருங்கள் என்று இசக்கிப்பாண்டி சொல்லிவிட்டார். நாகேஸ்வரன் முதல்முறையாக ஷைலஜாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியின் ஒரு கால் ஆடியது. இத்தனை நாள் இதிலா உட்கார்ந்திருந்தாள் என்று தோன்றிற்று. எதிரே நனைந்த குடைகளோடு முப்பது பேர். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கார்டு நீட்டினவர்களுக்கு நம்பரை அடித்துப் பக்கத்தை எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். படிவம் சமத்தாக வேலை செய்தது.

பதினொன்றரை மணிக்கு ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். நாற்பது தாண்டியவள். வலது கண்ணில் பால் படர்ந்த மாதிரி வெள்ளை. தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளைக் கழற்றி மடித்தாள்.

“ஐயா, எனக்க முறை எப்பம் வரும்னு கேக்க வந்தேன்.”

“கார்டு?”

“கொண்டாரல்ல ஐயா. மழையில நனஞ்சு போவும்னு பெட்டியில வச்சிட்டு வந்தேன். வெளுப்பாங்காலத்த பஸ்ஸு, அத விட்டா பெறகு மத்தியானந்தான்.”

“பேர்?”

“ஞானபாய்.”

படிவத்தை மூடித் திறந்தார். முதல் பக்கம் வந்தது. பேர் என்ற இடத்தில் கோடு மினுக் மினுக்கென்று துடித்துக்கொண்டிருந்தது, எழுது, எழுது என்கிற மாதிரி. பின்னால் இருபது பேர் நெருக்கினார்கள். அவர் யோசிக்கவில்லை. அந்த இடத்தில் ஞானபாய் என்று அடித்து, விசையைத் தட்டினார்.

திரையைப் பார்த்தார். ஞானபாய், பெண், நாற்பத்து மூன்று வயது, பொன்முடி எஸ்டேட், நாலாம் லயம், வலது கண்.

“பொன்முடியா?”

“ஆமா ஐயா. கொழுந்து எடுக்கம்பம் கம்பு குத்திப் போச்சு.”

“எப்போ பதிஞ்சீங்க?”

“போன வருஷம் விஷு கழிஞ்சு ரெண்டாம் நாளு.”

ஏப்ரல் பதினாறு. எல்லாம் அச்சாகப் பொருந்திற்று. ‘கிடைத்துவிட்டதே! பேரை வைத்துத் தேடினால் கிடைக்கவில்லை என்றாளே, பார்!’ என்று அவருக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம் பொங்கியது.

அடுத்த நிமிஷம் திரையை மறுபடியும் பார்த்தார். பேரை வைத்துத் தேட இந்தப் படிவத்தில் வழியே கிடையாது. வழி வைக்காதவர் அவர்தான். பின்னே எப்படிக் கிடைத்தது?

கிடைக்கவில்லை. அவர் எழுதியிருக்கிறார். மேரிக்குட்டி என்று இருந்ததை அழித்து ஞானபாய் என்று தன் பத்து விரலால் எழுதியிருக்கிறார். அது அவள் இடமாகவே இருந்தது அவள் அதிர்ஷ்டம்.

“கொஞ்சம் இருங்கோ,” என்றார். சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவர் இல்லையே. பேர் இருந்த இடத்தில் தன் பேரையே அடித்தார். அடுத்த பக்கத்துக்குப் போனார். திரும்பி வந்தார். சேமிக்கவா என்று அது கேட்கவில்லை. மாற்றினாயா என்று கேட்கவில்லை. முணுக்கென்று ஒரு சத்தம் இல்லை.

நாகேஸ்வரன், பெண், நாற்பத்து மூன்று வயது, பொன்முடி எஸ்டேட், வலது கண். வரிசையில் முதல் ஆள்.

கார்டு இல்லாமல் ஒருவர் வருகிறார். பேரைக் கேட்டு, துடிக்கிற இடத்தில் அடித்து, ஒன்றும் வராததைப் பார்த்து, ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தேடுகிறாள் ஷைலஜா. முதல் தள்ளலிலேயே முதல் ஆளின் பேர் செத்துப்போகிறது. பாவம், அவள் அதைக் கேட்கத்தானே கண்ணாடி அறைக் கதவைத் தட்டினாள்? தப்பியதேயுள்ளு என்றாளே, அதில் ஒரு சொல் பொய் உண்டா? பூட்டில்லாத கதவைச் செய்து மாட்டிவிட்டு, தள்ளினவளைத் திருடி என்று சொல்லியாகிவிட்டது. அவருக்கு அவமானமாக இருந்தது. இருபது பேர் பார்க்க, ஆடுகிற நாற்காலியில், காது மடல் சுட உட்கார்ந்திருந்தார்.

“எனக்க பேரு உண்டா ஐயா?” என்று கேட்டாள் ஞானபாய்.

“உண்டு,” என்றார். அந்தப் பக்கத்தை அச்செடுத்துவிட்டு, தன் பேரை அழித்து அவள் பேரை எழுதினார். “நீங்கதான் முதல் ஆள். ஒரு தடவை கண் வந்து... உங்களைக் கூப்பிட முடியாமப் போச்சு. தப்பு எங்க பேர்ல.”

அவள் மடித்த பிளாஸ்டிக் தாளை விரித்தாள். “அப்பம் இனி வந்தா கூப்பிடுவீங்கல்லா?” என்று மட்டும் கேட்டாள்.

கவுன்டரைப் பத்து நிமிஷம் மூடிவிட்டுத் தாளோடு மாடிப்படி ஏறினார். இசக்கிப்பாண்டி தாளை வாங்கிப் பார்த்தார். “நாகேஸ்வரன், பெண், நாப்பத்து மூணு. என்னய்யா இது?”

நாகேஸ்வரன் சொன்னார். படிவம் திறப்பதிலிருந்து, பேர் இருக்கிற இடத்தில் கோடு துடிப்பதிலிருந்து, தானே சேமிப்பது வரை. கைதவறினாலும் பட்டியல் மாறாதபடி பூட்ட வேண்டியது தன் வேலை, பூட்டவில்லை என்றார். இசக்கிப்பாண்டி நெற்றியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“அப்போ அந்தப் பிள்ள தப்புத் தப்புன்னு சொன்னது?”

“தேடினேன்னு அர்த்தம் சார். மலையாளத்துல தப்பறதுன்னா தேடறது.”

இசக்கிப்பாண்டி தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

“அன்னைக்கே உங்களுக்கு இது தெரியும்லா?”

தப்பிக்க வழி இருந்தது. அழுதுகொண்டே சொன்னாள், சரியாகக் காதில் விழவில்லை சார் என்றால் முடிந்தது. இவருக்கு மலையாளம் தெரியாது. அன்று அறையில் நாலாவது ஆளும் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் கோட்டை அழித்துக் கீழே போட்டதைப் போல இதையும் போட்டுவிடலாம். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

“தெரியும் சார்,” என்றார் நாகேஸ்வரன்.

இசக்கிப்பாண்டி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மேஜை இழுப்பைத் திறந்து வெள்ளிக்கிழமை எழுதிய காகிதத்தை எடுத்தார். நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

“நடந்தத நீங்களே எழுதுங்க. மலையாளத்துல எழுதுங்க, கவுன்டர்ல ஒட்டணும். பெறகு நீங்களே போய் அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. நான் ஆள் அனுப்ப மாட்டேன்.”

கழக்கூட்டத்தில் ஷைலஜா வாசல்படியில் நின்றே அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். புதன்கிழமை வந்தாள். கவுன்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தை நின்று படித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். நாற்காலிக் காலை யாரோ சரிபண்ணியிருந்தார்கள்.

படிவமும் மாறியிருந்தது. பேர், தேதி, விலாசம் எல்லாம் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடந்தன. என்ன தட்டினாலும் அசையாது. மேலே பேரை வைத்துத் தேடத் தனியாக ஒரு பெட்டி. எதையாவது திருத்த வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். யார், எப்போது, பழைய பேர் என்ன என்பது இன்னொரு பட்டியலில் ஏறிவிடும், அதை யாரும் அழிக்க முடியாது. அந்தப் பட்டியலின் முதல் வரி நாகேஸ்வரனுடையது. தன் பேரை முதல் ஆளாக எழுதியதையும் அழித்ததையும் அவரே அதில் ஏற்றியிருந்தார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஒரு கண் வந்தது. செய்தி கேட்டு நாகேஸ்வரன் கவுன்டருக்கே வந்து நின்றார். ஷைலஜா முதல் பக்கத்தைத் திறந்து, எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டாள்.

“நாலாம் லயத்தில் ஞானபாய் எந்நொராள் உண்டோ?”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ஷைலஜாவின் முகத்தில் தெரிந்தது. நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். சந்தோஷத்தில் நாகேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்குள் அவள்தான் பேசினாள், திரையைப் பார்த்தபடியே.

“இசக்கிப்பாண்டி சாரினு மலையாளம் அறிஞ்ஞூடா. அதுகொண்டு எனிக்கு ஆ சாரினோடு ஒரு விரோதமும் இல்லா.”

மலையாளம் தெரியாதவர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அடுத்த வாக்கியம் வரும் என்று நாகேஸ்வரன் காத்து நின்றார். அது வரவில்லை. அவள் அவரைத் தாண்டி வரிசையில் நின்றவரைப் பார்த்து, “கார்டு உண்டோ?” என்று கேட்டாள்.